சேற்று நிலத்தில் எழுந்த ஆலயம்
எழும்பூர் ஸ்காட்டியக் கோவிலின் வரலாறும் அமைப்பும்

ஆலயக் கட்டடம் என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுதப்பட்ட ஒரு விசுவாச அறிக்கை. எந்த இடத்தில் பிரசங்க பீடம் நிற்கிறது, எந்த இடத்தில் திருவிருந்து மேசை வைக்கப்படுகிறது, மக்கள் எவ்வாறு அமர்கின்றனர் என்பவை யாவும், அதைக் கட்டியோர் கடவுளையும் சபையையும் குறித்து என்ன எண்ணினர் என்பதைக் காட்டுகின்றன. ஆயினும் நம் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ஏடுகளைப் படிக்கும் அளவிற்குக் கட்டடங்களைப் படிப்பதில்லை. அவ்வாறு படிப்பதற்கு ஏற்ற ஓர் ஆலயத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அது சென்னை எழும்பூரிலுள்ள தூய அந்திரேயா ஆலயம். ஸ்காட்லாந்து திருச்சபையாரால் கட்டப்பட்டமையால், அந்நாட்டார் கோவிலுக்கு வழங்கும் 'கிர்க்' என்ற சொல்லே அதன் பெயராக இன்றும் வழங்குகிறது.

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் வாழும் நமக்கு இவ்வாலயம் தொலைவானதன்று. நம் ஊரிலிருந்து இரயிலில் சென்று எழும்பூர் நிலையத்தில் இறங்குவோர், நிலையத்திற்கு வடக்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் உயர்ந்து நிற்கும் அதன் வெண்ணிறக் கூர்ங்கோபுரத்தைக் காணலாம். நம் ஊரில் மலைக்கோட்டையின் அடியில் 1766-இல் சுவார்ட்ஸ் ஐயர் எழுப்பிய கிறிஸ்து நாதர் ஆலயம் உண்டு. பாளையப் பகுதியில் தூய யோவான் ஆலயம் உண்டு. முந்தியது லுத்தரன் மரபில் வந்த அருட்பணியாளரின் கைவேலை. பிந்தியது ஆங்கிலிக்கன் மரபினது. தென்னிந்தியத் திருச்சபையில் கலந்துள்ள மற்றொரு பேராறாகிய பிரெஸ்பிட்டேரியன் மரபு, கட்டட வடிவில் எவ்வாறு பேசுகிறது என்பதை அறிய எழும்பூருக்கே நாம் செல்லவேண்டும்.

1. ஸ்காட்லாந்து திருச்சபை சென்னைக்கு வந்தமை

1813-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தால் புதுப்பிக்கப்பட்டபோது, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரை நியமிக்க வழி செய்யப்பட்டது. கம்பெனியின் அலுவலரிலும் போர்வீரரிலும் வணிகரிலும் ஸ்காட்லாந்து நாட்டார் பெருந்தொகையினர். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசு ஏற்புப் பெற்றது போலவே, ஸ்காட்லாந்தில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அரசு ஏற்புப் பெற்றது. எனவே தங்களுக்கும் குருமார் வேண்டும் என்று அவர்கள் கோரினர். அதன் பயனாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் ஒவ்வொரு ஸ்காட்டியக் குரு நியமிக்கப்பட்டார். சென்னைக்கு வந்தவர் ஜான் ஆலன் என்பவர்.

1818 ஏப்ரல் 6-ஆம் நாள் எழும்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1821 பிப்ரவரி 25-ஆம் நாள் ஆலயம் ஆராதனைக்குத் திறக்கப்பட்டது. கட்டியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த மேஜர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட். ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சித் தீவில் 1775-இல் பிறந்த இவர், நம் காவிரியோடும் தொடர்புடையவர். மைசூர் நாட்டுச் சீரங்கப்பட்டணத்தில் காவிரியின் குறுக்கே பெரிய செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என இவர் கூறியபோது பலர் நம்பவில்லை. நூறு அடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாவும் ஒரே வளைவைத் தம் தோட்டத்திலேயே கட்டிக் காட்டினார். அவ்வளைவு 1937 வரை நின்றது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் இவர் எவ்வளவு நம்பினார் என்பதற்கு இது சான்று.

2. நிலமும் கிணறுகளும்

ஆலயத்திற்குக் கிடைத்த நிலம் கூவம் ஆற்றுக்கு அண்மையிலுள்ள சதுப்பு நிலம். மழைக்காலத்தில் நீர் தேங்கும். தோண்டினால் சேறே வரும். இத்தகைய நிலத்தில் கனத்த கூரையும் 160 அடிக்கு மேற்பட்ட கோபுரமும் தாங்கும் கட்டடத்தை எவ்வாறு நிறுத்துவது? ஐரோப்பாவில் இத்தகைய இடங்களில் மரக்கட்டைகளை நிலத்தில் அறைந்து, அவற்றின்மேல் அடித்தளம் இடுவர். இங்கு அம்முறையைக் கையாளவில்லை. நம் நாட்டார் தொன்றுதொட்டு அறிந்த கிணறு இறக்கும் முறையே கையாளப்பட்டது.

அம்முறையாவது: தரையின்மேல் வட்டமாகச் செங்கற்சுவர் ஒன்றை எழுப்புவர். அதன் உள்ளே ஆட்கள் இறங்கி மண்ணைத் தோண்டி வெளியேற்றுவர். மண் நீங்க நீங்கச் சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இறங்கிய அளவிற்கு மேலே சுவரை உயர்த்துவர். கெட்டியான மண்படுகையை அடையும் வரை இவ்வாறு செய்து, பின்பு கிணற்றின் உட்புறத்தைக் கல்லாலும் காரையாலும் நிரப்பி, அதன்மேல் கட்டடத்தை எழுப்புவர். எழும்பூர் ஆலயத்தின் கீழே இத்தகைய கிணறுகள் ஏறத்தாழ 150 உள்ளன. அவற்றின் ஆழம் 14 அடி முதல் 50 அடி வரை ஆகும். நிலத்தின் தன்மை இடத்துக்கு இடம் மாறியதால் ஆழமும் மாறியது.

இக்கலை வெளியிலிருந்து வந்ததன்று. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட உறைகிணறுகள், மண் சரியாமல் வட்டச் சுவரை நிலத்தில் இறக்கும் திறமை எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டுகின்றன. 1836-இல் ஆர்தர் காட்டன் நம் ஊருக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியபோதும், ஆற்று மணலில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேலேயே அணையை நிறுத்தினார். பொறியியல் கல்லூரிகள் இந்நாட்டில் தோன்றுமுன்னரே, மணலிலும் சேற்றிலும் கட்டடத்தை நிறுத்தும் அறிவு நம் கிணறு வெட்டுவோரிடமும் கொற்றரிடமும் இருந்தது. மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். லூக்காவின் நற்செய்தியில் அவ்வுவமையின் அழுத்தம், ஆழமாய்த் தோண்டியவன் மீது விழுகிறது. இவ்வாலயத்தின் அடியில் ஆழமாய்த் தோண்டியவர் நம் நாட்டு உழைப்பாளரே.

3. வட்ட வடிவத்தின் பொருள்

மேலே எழுந்த வடிவமோ இலண்டனிலிருந்து வந்தது. ஜேம்ஸ் கிப்ஸ் என்னும் ஸ்காட்டியக் கட்டடக் கலைஞர் இலண்டனில் கட்டிய தூய மார்ட்டின் ஆலயம் 1726-இல் நிறைவுற்றது. முன்புறத்தில் தூண்களையுடைய முகமண்டபம், அதன் பின்னே கூரையைப் பிளந்து எழும் கூர்ங்கோபுரம் என்ற அதன் அமைப்பு, 1728-இல் வெளிவந்த அவரது கட்டடக்கலை நூலின் வாயிலாக உலகெங்கும் பரவியது. அந்நூலில் அதே ஆலயத்திற்கு அவர் முதலில் வரைந்து, செலவு மிகுதியால் கைவிடப்பட்ட வட்ட வடிவத் திட்டங்களும் இடம்பெற்றன. இலண்டனில் எழாத அவ்வட்ட வடிவின் சாயலை எழும்பூரில் காணலாம்.

ஆலயத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 81½ அடி விட்டமுள்ள வட்டம். கிழக்கிலும் மேற்கிலும் நீள்சதுரப் பகுதிகள் இணைந்துள்ளன. வட்டத்தினுள்ளே 16 தூண்கள் வளையமாக நின்று, 51½ அடி விட்டமுள்ள தாழ்ந்த குவிமாடத்தைத் தாங்குகின்றன. தூண்களின் உச்சி, கொரிந்து நகரின் பெயரால் வழங்கும் கிரேக்கப் பாணியில் இலைகள் விரிந்தாற்போல் அமைந்துள்ளது. குவிமாடத்தின் உட்புறம் ஆழ்ந்த நீல நிறம் பூசப்பட்டுப் பொன்னிற விண்மீன்களால் அணிசெய்யப்பட்டுள்ளது. கோபுரத்தின் உயரம் 166½ அடி.

இவ்வடிவத்தைத் திருவரங்கத்தோடு ஒப்பிட்டால் அதன் கருத்துத் தெளிவாகும். 156 ஏக்கர் பரப்பில் 7 திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்ட அரங்கநாதர் கோவிலில், வழிபடுவோர் வெளியிலிருந்து உள்நோக்கிப் பயணம் செய்கின்றனர். 1987-இல் நிறைவுற்ற இராசகோபுரம் மிக உயர்ந்தது, உள்ளே செல்லச் செல்லக் கோபுரங்கள் தாழ்கின்றன, ஒளி குறைகிறது, இடம் ஒடுங்குகிறது. கருவறையே அப்பயணத்தின் முடிவு. அங்கே நடத்தலும் காணுதலும் வழிபாட்டின் உயிர். எழும்பூர் வட்டத்திலோ உள்ளே நுழைந்தவுடன் பயணம் முடிந்துவிடுகிறது. மக்கள் அமர்கின்றனர், ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர், அனைவரும் கேட்கின்றனர். கேட்டலே இங்கு வழிபாட்டின் உயிர்.

சீர்திருத்தத் திருச்சபையின் போதனைக்கு இது பொருந்தும். வசனம் சரியாகப் பிரசங்கிக்கப்படுதலும் திருவருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படுதலும் திருச்சபையின் அடையாளங்கள் எனக் கால்வின் கற்பித்தார். ஆகவே தூரத்தில் உயர்ந்த பலிபீடம் வேண்டப்படவில்லை. எல்லாரும் கேட்கத்தக்க பிரசங்க பீடமும், எல்லாரும் சூழ்ந்து அமரத்தக்க மேசையுமே வேண்டப்பட்டன. ஸ்காட்லாந்தில் திருவிருந்தை முழங்காற்படியிட்டுப் பெறாமல், நீண்ட மேசைகளைச் சூழ அமர்ந்து பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பேராயர் இன்றி, ஆயரும் மூப்பரும் கூடிய மன்றத்தால் ஆளப்படும் சபைக்கு வட்டம் தகுந்த உருவகம் எனலாம். வட்டத்தில் முதல் வரிசை உண்டு. ஆனால் கடை மூலை இல்லை.

எனினும் வடிவம் மட்டுமே நோக்கத்தை நிறைவேற்றிவிடாது. குவிமாடத்தின் கீழ் எழும் ஒலி வளைந்த பரப்பில் பட்டுத் திரும்பிக் குவியும் என்பது ஒலியியல் விதி. கேட்பதற்கெனத் தேர்ந்த வட்ட வடிவமே கேட்பதற்கு இடையூறும் ஆகலாம். இத்தகைய ஆலயங்களில் பிரசங்கிப்போர் நிதானமாகவும், சொற்களுக்கிடையே இடம் விட்டும் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும்.

கோபுரத்தைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். இங்கிலாந்தில் அரசு ஏற்புப் பெறாத பிரிவினரின் ஆராதனை வீடுகள் பெரும்பாலும் கோபுரமின்றி இருந்தன. ஸ்காட்டியர் இந்நாட்டில் ஓங்கிய கோபுரம் எழுப்பியது, தாங்கள் பிரிந்துசென்றவர் அல்லர், அரசு ஏற்புப் பெற்ற திருச்சபையினரே என்று அறிவிப்பதற்கும் ஆகும்.  வட்டம் சமத்துவத்தைப் போதித்தது. கோபுரமோ மதிப்பைக் கோரியது. ஒரே கட்டடத்தில் இரண்டும் உள்ளன.

4. மரமற்ற கூரையும் சுண்ணமும்

இந்நாட்டில் மரக்கூரைக்குப் பகை கறையான். ஆகவே டி ஹாவிலண்ட் கூரையில் மரத்தைத் தவிர்த்தார். 16 தூண்களின்மேல் வளைய வடிவான வளைவு அமைத்து, அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே குவிமாடத்தை எழுப்பினார். குவிமாடம் தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டுமன்றி வெளிநோக்கியும் தள்ளும். தூண்களுக்கும் புறச்சுவருக்கும் இடையேயுள்ள வளையக் கூரை அத்தள்ளுதலை ஏற்றுத் தடித்த வட்டச் சுவரில் சேர்க்கிறது. கட்டடத்தின் வட்ட வடிவமே அதற்குக் கட்டுக்கயிறு.

தூண்களும் சுவர்களும் பளிங்குபோல் மின்னுவது, சென்னைக்குப் புகழ் தந்த சுண்ணப் பூச்சினால். கடற்சிப்பிகளைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பை மிக நுண்ணியதாக அரைத்து, முட்டை வெண்கரு, தயிர், வெல்லநீர் போன்றவற்றை வேண்டிய அளவில் கலந்து, மெல்லிய பூச்சுகளாக இட்டு, வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றுவர். பளிங்கைக் கப்பலில் கொண்டுவர இயலாதபோது, நம் கொற்றர் சிப்பியிலிருந்து பளிங்கைச் செய்தனர்.

இவ்வாறு அடியில் கிணறும், மேலே சுண்ணமும், இடையே செங்கல்லும் இந்நாட்டுக் கைகளால் ஆனவை. 'வெள்ளைக்காரன் கோவில்' என்று நாம் எளிதாகக் கூறும் இவ்வாலயத்தில், வரைபடம் மட்டுமே பெரும்பாலும் வெளிநாட்டது. ஆயினும் பொறியாளரின் பெயர் வரலாற்றில் நிற்க, கிணற்றில் இறங்கியோர் பெயர் நிற்கவில்லை.

5. யாருக்காகக் கட்டப்பட்டது?

முகமண்டபத்தின் முக்கோண முகட்டில் கம்பெனியாரின் முத்திரையும், இங்கிலாந்தின் அரசர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆதரவால் என்ற பொருள்படும் இலத்தீன் வாசகமும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆலய வாயிலில் வரவேற்பது திருமறை வசனமன்று. கம்பெனியின் விருது வாக்கு. இக்கோவில் ஸ்காட்டிய அலுவலர்க்கும் வணிகர்க்கும் படையினர்க்கும் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தவே கட்டப்பட்டது. கட்டியெழுப்பிய தமிழர்க்கு அவ்வட்டத்தில் இடம் எண்ணப்படவில்லை.

நம் ஊர் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1766-இல் மலைக்கோட்டையின் கீழ் எழுந்த ஆலயத்தில், சுவார்ட்ஸ் ஐயர் தமிழ்ச் சபைக்கும் ஆங்கிலப் படையினர்க்கும் தொண்டாற்றினார். பின்னர் பாளையத்தில் ஐரோப்பியர்க்கெனத் தூய யோவான் ஆலயம் தோன்றியது. 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் காலையில் பேராயர் ஹீபர் கோட்டை ஆலயத்திற்குச் சென்று தமிழ் விசுவாசிகளுக்குத் தமிழிலேயே திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். அன்றே சிறிது நேரத்தில் குளிக்கச் சென்ற இடத்தில் இறந்தார். அவருடைய உடல் பாளைய ஆலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டது. அவரது இறுதித் திருப்பணியின் இடமும் கல்லறையின் இடமும் வெவ்வேறாக இருப்பது, அக்காலத் திருச்சபை இரண்டு ஆலயங்களில் இரண்டு மக்களாக வாழ்ந்தமைக்கு அடையாளம்.

எழும்பூரில் அச்சுவரைக் கடந்த முதல் முயற்சி கல்வியின் வழியாக வந்தது. 1835-இல் ஆலயத்தின் குருமார் சென்னைச் சிறுவர்க்காகத் தூய அந்திரேயா பள்ளியைத் தொடங்கினர். 1837-இல் ஜான் ஆண்டர்சன் அருட்பணியாளராக வந்து அதனைப் பொறுப்பேற்றார். 1838-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் பள்ளியில் பயில்வது தெரியவந்தபோது, அவர்களை நீக்குமாறு மேல்சாதியார் வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர் பலர் வெளியேறினர்; பள்ளி ஏறத்தாழ வெறுமையாயிற்று; ஆயினும் அவர் இணங்கவில்லை. 1841-இல் இராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு ஆகிய மாணவர் மூவர் திருமுழுக்குப் பெற்றனர். பின்னாளில் மூவரும் குருத்துவப் பட்டமும் பெற்றனர்.

1843-இல் ஸ்காட்லாந்து திருச்சபை பிளவுற்று, சுயாதீனத் திருச்சபை தோன்றியது. சபை தன் ஆயரைத் தெரிந்துகொள்ளும் உரிமையே அப்பிளவின் மையம். ஆண்டர்சனும் உடன் ஊழியரும் சுயாதீனத் திருச்சபையில் சேர்ந்து பள்ளியை வேறிடத்தில் நடத்தினர். எழும்பூர்க் கோவில் பழைய திருச்சபையிடமே நின்றது. அப்பள்ளியே வில்லியம் மில்லரின் தலைமையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்திற்குச் சென்றது. கட்டடத்தைக் காத்தவர் ஒருபுறமும், அதன் வட்டம் குறித்த சமத்துவத்திற்காக இழப்பை ஏற்றவர் மறுபுறமும் நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது. 1908-இல் பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபையாயினர். 1947 செப்டம்பர் 27-இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. எழும்பூர் ஆலயமும் பின்னர் அத்திருச்சபையின் சென்னைப் பேராயத்தில் இடம்பெற்றது. மூப்பர் மரபின் ஆலயமும் சுவார்ட்ஸின் ஆலயமும் ஹீபரின் கல்லறை ஆலயமும் இன்று ஒரே திருச்சபையின் உடைமை.

6. ஆயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வரலாற்றை அறிவதால் வரும் பயன் யாது? நம் பேராயங்களில் நூறாண்டு கடந்த ஆலயங்கள் பல உள்ளன. அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஆயரிடமும் சபைக் குழுவிடமும் வந்து சேர்கிறது. நல்லெண்ணத்தாலேயே பல கட்டடங்கள் சிதைந்துள்ளன. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் தன்மையது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். சில ஆண்டுகளில் 'பழைய சுவர் பயனற்றது' என்று இடிக்க நேரிடும். பயனற்றது சுவரன்று, நாம் செய்த மருத்துவம். சுற்றிலும் தரையைச் சிமெண்டால் மூடுவதும், மழைநீர் வடியும் பழைய வாய்க்கால்களை அடைப்பதும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும். ஆகவே பழுதுபார்க்குமுன், கட்டடம் எதனால் ஆனது, எதன்மேல் நிற்கிறது என்பதை ஆராய்ந்து, சுண்ணாம்பு வேலை அறிந்த கொற்றரைத் தேடிக் கேட்டல் வேண்டும்.

அதைவிடப் பெரிய பழுதுபார்ப்பு ஒன்று உண்டு. அமரும் இடங்களை ஆராய்வோம். எவர் பெயர்கள் சலவைக்கல்லில் உள்ளன, எவர் பெயர்கள் இல்லை? எந்தக் குடும்பங்கள் முன் வரிசையிலும், எவர் வாயிற்புறத்திலும் அமர்கின்றனர்? அவ்வமைப்பு எப்போது தோன்றியது? சபை வரலாறு எழுதும் இறையியல் மாணவர், ஆயர்களின் வரிசையோடு நிறுத்திவிடாமல், செங்கல் சுட்டவர், கிணறு தோண்டியவர், சுண்ணாம்பு அரைத்தவர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் நினைவில் வைத்திருப்பவற்றையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவுசெய்தல் நலம். ஜீவனுள்ள கற்களாகக் கட்டப்படும் வீடு என்று பேதுரு சபையை அழைக்கிறார். அக்கற்களுள் மண்ணுக்குள் மறைந்து பாரம் தாங்கும் கற்களே பல.

எழும்பூரின் 150 கிணறுகளை ஆராதனைக்கு வருவோர் எவரும் காண்பதில்லை. அவற்றின்மேலேயே விண்மீன் பொறித்த குவிமாடமும் 166½ அடிக் கோபுரமும் 200 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. கோபுரத்தைக் காட்டிச் சபையின் பெருமையைப் பேசும் நாம், அடித்தளத்தையும் காட்டிச் சபையின் கடனைப் பேசுதல் வேண்டும். அக்கடனை உணரும் சபையே, தன் முன்னோர் கட்டிய வட்டத்தில் அனைவர்க்கும் இடமளிக்கும்.